வாடிய நாற்றுக்கு உடனே தண்ணீர் ஊற்றலாமா?



இந்த மாதப் பாடம் காய்கறி நாற்று பற்றியது. கொல்லையில் நாலு பாத்தி போடவும், நாற்று விட்டு விற்கவும் நம் குழுக்களில் பலர் உள்கடன் வாங்கியிருக்கோம். விதை பாக்கெட் என்ன விலை விற்குதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு மழையில் நாற்று போச்சுன்னா கடன்தான் மிச்சம்.

"மழை அழிச்சிடுச்சு" என்று சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் மழை விட்ட பிறகு, பிழைக்கக்கூடிய நாற்றையும் தண்ணீர் ஊற்றிச் சாகடிக்கிற வழக்கம் நம்ம ஊர்களில் இருக்கு. அதைப் பற்றி இன்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஈர மண்ணில் செடி ஏன் வாடுது?

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணுக்குள் சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கு, அதில் காற்று இருக்கு. அந்தக் காற்றால்தான் வேர் உயிரோடு இருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புது. பாத்தியில் தண்ணீர் தேங்கினால் அந்த இடைவெளி எல்லாம் தண்ணீர் நிரம்பிடும். இரண்டு மூன்று நாள் இப்படி நின்றால் இளம் வேர் மூச்சுமுட்டி அழுக ஆரம்பிக்கும். வானம் மூடியிருக்கும்வரை இது வெளியே தெரியாது, இலை பச்சையாகவே இருக்கும். மழை விட்டு சுள்ளென்று வெயில் அடித்ததும் இலை தண்ணீர் கேட்கும். வேரால் கொடுக்க முடியாது. செடி தலை தொங்கிடும்.

கவரப்பேட்டை பக்கம் ஒரு குழு உறுப்பினர் வீட்டில் நடந்தது இதுதான். அந்த அக்கா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிப்ட் வேலைக்குப் போறவங்க. விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ் ஏறிடுவாங்க. பகலில் தோட்டத்தைப் பார்ப்பது மாமியார். வெயில் வந்த அன்று மதியம் கத்தரி நாற்று சாய்ந்து கிடப்பதைப் பார்த்து, பாவம்னு அவங்க குடம் குடமாக ஊற்றியிருக்காங்க. நாலாம் நாள் பாத்தி காலி. மாமியாரைக் குறை சொல்ல முடியாது. வாடினா தண்ணி ஊத்தணும்னுதானே எல்லாருக்கும் தெரியும்? அதனால் இந்தப் பக்கத்தை பகலில் வீட்டில் இருக்கிறவங்களுக்கும் வாசித்துக் காட்டுங்க.

தொட்டுப் பாருங்க, பிடுங்கிப் பாருங்க

செடி வாடியிருந்தால் முதலில் விரலை மண்ணுக்குள் விடுங்க. இரண்டு அங்குலம் உள்ளே போகணும். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்க. சேறாக ஒட்டினால் ஒரு சொட்டு கூட வேண்டாம்.

அப்புறம் ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு நாற்றைப் பிடுங்குங்க. வேர் வெள்ளையாக, இழுத்தால் அறுந்து வராமல் இருந்தால் மற்ற நாற்றுக்கும் உயிர் இருக்கு. பழுப்பாகி, நாற்றம் அடித்து, மேல்தோல் உருவிக்கொண்டு வந்தால் அந்த வேர் செத்துப்போச்சு. மண்ணை ஒட்டிய கழுத்துப் பகுதி வெந்தது போல மெலிந்து நாற்று மடிந்து கிடந்தால் அது நாற்றழுகல் நோய். அது பூஞ்சணத்தால் வருவது. ஈரமும் நெருக்கமும் சேர்ந்தால் இரண்டே நாளில் பாத்தி முழுக்கப் பரவும்.

உயிர் இருந்தால் என்ன செய்யணும்? மண்வெட்டியால் ஓரமாக வாய்க்கால் வெட்டி, நிற்கிற தண்ணீரை வடிக்கணும். ஈரப் பாத்தியில் கால் வைக்காதீங்க, மண் இறுகி இருக்கிற காற்றும் போயிடும். மேல்மண் உலர்ந்ததும் களைக்கொத்தால் லேசாகக் கீறி விடுங்க. இலையில் சேறு படிந்திருந்தால் காலையில் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவலாம். நாலைந்து நாள் பொறுங்க. நடுக்குருத்தில் புது இலை வந்தால் பிழைச்சாச்சு. அப்போது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளித்தால் போதும். அதுக்கு முன்னாடி யூரியாவைத் தூக்கிப் போட வேண்டாம். அழுகின வேருக்கு விருந்து வைத்து என்ன பயன்?

நாற்றழுகல் என்றால் மடிந்ததை எடுத்து எரிச்சிடுங்க. மீதி இருப்பதற்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு 4 லிட்டர் வீதம் மண் நனைய ஊற்றலாம். சூடோமோனாஸ், டிரைகோடெர்மா விரிடி போட்ட பாத்தியில் இந்த மருந்தைச் சேர்த்து ஊற்றக் கூடாது. அந்த நல்ல நுண்ணுயிரும் செத்துப்போகும். மருந்து கலக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் தொடாத இடத்தில் வையுங்க.

அடுத்த முறை விதைக்கும் முன்

விதையில் முதல் நாளே சூடோமோனாஸ் கலந்து வையுங்க. கிலோ விதைக்கு 10 கிராம் என்பது கணக்கு, நம்ம சின்ன பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை. பாத்தி ஒரு மீட்டர் அகலம், அரை அடி உயரம் இருக்கட்டும். பள்ளமான கொல்லையாக இருந்தால் ஒரு அடி உயர்த்துங்க.

தேதியையும் கொஞ்சம் பாருங்க. வர்தா புயல் 2016 டிசம்பர் 12-ல் சென்னை அருகே கரை கடந்தது. மாண்டஸ் 2022 டிசம்பர் 9 இரவு. மிக்ஜாம் ஆந்திராவில் போய்க் கரை கடந்தாலும், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் நம்ம மாவட்டத்தில் கொட்டித் தீர்த்தது. மூன்றும் கார்த்திகையின் பின்பாதி. புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வராதுதான். இருந்தாலும் கையளவு நாற்றை அந்த நாட்களில் திறந்த வெளியில் வைக்காமல் இருக்கலாமே! மார்கழி தொடக்கத்தில் விதைத்தால் தக்காளி 25 நாளில், கத்தரி 30, 35 நாளில் நடவுக்கு வரும், தையில் நடலாம். முன்னாடியே விதைக்கணும் என்றால் குழித்தட்டில் விடுங்க. மழை அறிவிப்பு வந்ததும் தூக்கித் திண்ணையில் வைத்துவிடலாம்.

பாக்கெட்டில் இருக்கும் விதை முழுவதையும் ஒரே நாளில் விதைக்காதீங்க. மூன்றில் ஒரு பங்கு கையில் இருக்கட்டும். நாற்று போனாலும் மறு கடன் கேட்க வேண்டி வராது. பயிர் நிவாரணம் 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நிலத்துப் பயிருக்குக் கணக்கெடுத்துத் தருவது. கொல்லைப் பாத்திக்கு அதை நம்பி இருக்க முடியாது.

கத்தரி வெயிலில் வாடுவது வேறு கதை. மதியம் வாடி, சாயங்காலம் தானே நிமிர்ந்தால் பயம் இல்லை. மாலையில் நடுங்க, முதல் வாரம் தென்னங்கீற்று நிழல் கொடுங்க, வேரடியில் வைக்கோல் மூடாக்கு போடுங்க.

நோய் எதுவென்று தெரியாவிட்டால் ஒரு நாற்றை வேரோடு பையில் போட்டு, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமோ எடுத்துப் போங்க.

குழுக் கூட்டத்தில் பேச:

போன மழையில் யார் யாருக்கு நாற்று போச்சு? அப்போது மண் ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா?

உங்கள் ஊரில் தண்ணீர் நிற்காத மேடான இடம் யார் வீட்டில் இருக்கு? நாலு பேர் சேர்ந்து அங்கே ஒரே நாற்றங்கால் போட முடியுமா? ஷிப்டுக்குப் போகிறவங்களுக்குப் பதில் பகலில் யார் பார்ப்பது?