வீட்டுத் தோட்டத்தில் ராட்சதத் தர்பூசணி

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



லேத்தும் வெல்டிங்கும் படிக்கிற நமக்குத் தர்பூசணி எதற்கு என்று கேட்காதீர்கள். 2013-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிறிஸ் கென்ட் என்பவர் விளைவித்த பழத்தின் எடை 159 கிலோ! கின்னஸ் புத்தகத்தில் ஏறிய பழம் அது. இத்தகைய பழங்களுக்கு அங்கே பெயர் பெற்ற ரகம் 'கரோலினா கிராஸ்'.

நம்ம கணக்குப்படியே பாருங்கள். உருண்டைப் பழத்தின் விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். எனவே ஒவ்வொரு அங்குல வளர்ச்சியும் முக்கியம்.

வளர்க்கும் முறை:

1. நல்ல வெயில் படும் இடத்தில் குழி எடுத்து, மக்கிய தொழு உரம் கலந்து, தை மாதத்தில் விதை ஊன்றவும். கொடி ஓட இரண்டரை மீட்டர் இடம் விடவும்.

2. கொடி நன்றாகப் படர்ந்த பிறகு ஒரே ஒரு பிஞ்சை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடவும். மனசு கேட்காதுதான். ஆனால் இலைகள் சமைக்கும் சாப்பாட்டைப் பத்துப் பேருக்குப் பங்கு வைத்தால் யாரும் பெரியவனாக முடியாது.

3. தண்ணீரைச் சீராக விடவும். நாலு நாள் காயவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சினால் பழம் வெடித்துவிடும்.

ஒட்டுச் சேர்க்கும் முறை:

தர்பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். மறுநாள் மலரப்போகும் இரண்டு வகை மொட்டுகளையும் முந்தின நாள் மாலையே நூலால் கட்டிவிடவும். இல்லாவிட்டால் தேனீ நம்மை முந்திக்கொள்ளும். காலையில் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண்பூவின் சூல்முடியில் உள்ள மூன்று மடல்களிலும் சமமாகத் தடவவும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் பழம் கோணலாகும். பிறகு பெண்பூவை மீண்டும் கட்டி, தேதி எழுதிய சீட்டு மாட்டவும்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். 'சுகர் பேபி' பெண்பூவில் பெரிய நீள ரகத்தின் மகரந்தத்தைச் சேர்த்தேன். இரண்டு மாதம் விடியலில் எழுந்து காவல் காத்தேன். அறுத்தால் அதே உருண்டை, அதே கரும்பச்சை! தோற்றுவிட்டோம் என்று வெறுத்துப்போய், தின்றுவிட்டு விதையைக் குப்பையில் கொட்டினேன்.

எங்கள் தெருத் தோட்டக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, பழம் அம்மா மாதிரிதான் இருக்கும். புள்ளைங்க விதைக்குள்ள இருக்குது. நீ கொட்டுனது அதைத்தான்!"

ஆம், தோலும் சதையும் தாய்க்கொடியின் சொத்து. அப்பாவின் குணம் விதைக்குள் ஒளிந்திருக்கும். அந்த விதையை ஊன்றி வரும் கொடியில்தான் கலப்பு வெளிப்படும். அதன் பழத்து விதையைத் திரும்ப ஊன்றினால் பெரிதும் சிறிதுமாகப் பலவிதமாய்ப் பிரியும். அவற்றில் பெரியதைத் தேர்ந்து, அதன் பூவையே அதற்குச் சேர்த்து, வருடக்கணக்கில் தொடர வேண்டும். ராட்சதப் பழம் ஒரு பருவத்தில் பிறப்பதில்லை.

இந்தத் தையில் மறுபடியும் ஊன்றியிருக்கிறேன். இம்முறை விதைக்கென்று தனி டப்பா வாங்கியாயிற்று. நீங்களும் முயலுங்கள். பழத்தைத் தின்னுங்கள், விதையைக் கொட்டாதீர்கள்!