மனித உருவ யந்திரமும் நம் ஊர்த் தொழிலாளரும்

வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்துள்ளது கணியம்பாடி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகிய இவ்வூர் வேளாண்மையை நம்பியதே எனினும், தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற பாலாற்றுப் பகுதியை அடுத்துள்ளது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் பெருந்தொழில்களாகும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் பலர் நாள்தோறும் பேருந்தேறிச் சென்று காலணியின் மேற்பாகத்தைத் தைத்து வருகின்றனர். பல குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பிற்கும், விதைக்கும் உரத்திற்கும் அக்கூலியே துணையாகிறது. மனிதனைப்போல் நடந்து பொருளைத் தூக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன என்று கேள்வியுற்ற இவர்கள், “இனி எங்கள் வேலை என்னாகும்?” என வினவுவது இயல்பே. இதனை நாம் அச்சமின்றி, ஆனால் அசட்டையுமின்றி ஆராய வேண்டும்.

‘ரோபோ’ என்னும் சொல், செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகத்தின் வாயிலாக உலகில் பரவியது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்பது, நிலவுடைமையாளருக்குக் குடியானவன் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஊழியமாகும். நம் நாட்டில் முன்னாளில் ‘வெட்டி’ எனப்பட்டதும் இத்தகையதே. கூலி கேளாத ஆளைத் தேடும் ஆசை பழையது. யந்திரம் மட்டுமே புதிது.

இவ்யந்திரங்கள் இன்று செய்வது என்ன? 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள ஒரு கிடங்கில், இரு கால்களால் நடக்கும் யந்திரங்கள் பெட்டிகளை எடுத்து வைக்கும் பணியில் அமர்த்தப்பட்டன. ஒரே அளவுள்ள பெட்டியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுவது யந்திரத்திற்கு எளிது. தோலோ அத்தகையதன்று. ஒரு தோலைப்போல் மற்றொன்று இராது. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் வடு, ஒருபுறம் இழுத்தால் நீளும், மறுபுறம் நீளாது. இவற்றை விரலால் உணர்ந்து, வளைவிற்கேற்பத் திருப்பித் தைக்கும் திறமை யந்திரத்திற்கு இன்னும் எளிதில் கைவரவில்லை.

காலணித் தொழிலிலேயே இதற்கு ஒரு சான்றுண்டு. அடிடாஸ் நிறுவனம் ஜெர்மனியின் அன்ஸ்பாக் நகரிலும், பின்னர் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் யந்திரங்களே பெரும்பகுதி வேலையைச் செய்யும் காலணித் தொழிற்சாலைகளை நிறுவியது. அவை மனித உருவ யந்திரங்கள் அல்ல. செய்தவையும் துணியாலான விளையாட்டுக் காலணிகளே. எனினும் ஆசியத் தொழிலாளரின் வேலை பறிபோகும் என்று அன்று பலர் அஞ்சினர். ஆனால் 2019ஆம் ஆண்டு நவம்பரில், அவ்விரு தொழிற்சாலைகளையும் மூடி, அம்முறைகளை ஆசியாவிலுள்ள தன் உற்பத்தியாளரிடம் பயன்படுத்தப் போவதாக அந்நிறுவனமே அறிவித்தது.

இதனால் நமக்கு ஆபத்தில்லை என்று இருந்துவிடலாகாது. தோலின் குறைகளை ஒளிப்படக் கருவியால் கண்டு, கழிவு குறையுமாறு வெட்டும் யந்திரங்கள் வந்துவிட்டன. மேற்பாகத்தை ஒரே துண்டாகப் பின்னி எடுக்கும் முறையினால் தையலே குறைகிறது. எனவே, ஆள்போன்ற யந்திரம் வாயிலில் வந்து நிற்கும் நாளை எதிர்பார்த்திருப்பது தவறு. மாற்றம் ஒவ்வொரு வேலையாகச் சிறுகச் சிறுக நுழைகிறது.

உழவர்கள் இதை அனுபவத்தில் அறிவர். கவலை ஓட்டி நீர் இறைத்த இடத்தில் மின்சார பம்புசெட் வந்தது. மாட்டிற்கும் ஆளுக்கும் உழைப்பு மிச்சமாயிற்று. நீர் கிடைத்த நிலங்களில் சாகுபடி பெருகியது. மோட்டார் பழுது பார்க்கும் தொழிலும் தோன்றியது. பின்னர் நெல் அறுவடை யந்திரம் வந்தது. நிலமுடையார்க்குச் செலவு குறைந்தது. அறுவடைக் கூலியை நம்பிய பெண்கள் அக்கூலியை இழந்தனர். யந்திரத்தின் பயன் யாரைச் சேர்கிறது, இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஊராட்சி அங்கத்தினர்கள் இப்போதே செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, கணக்கெடுப்பு. ஊரில் எத்தனை பேர் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர், வெட்டுதல், தைத்தல், சுமத்தல் ஆகியவற்றுள் எவ்வேலை செய்கின்றனர், வருங்கால வைப்பு நிதியிலும் தொழிலாளர் காப்பீட்டிலும் பதிவு பெற்றுள்ளனரா என்பவற்றை அறிதல் வேண்டும். மே 1 அன்று கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற இடம்.

இரண்டாவது, பயிற்சி. தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள், யந்திர மனிதன் முதலிய புதிய தொழில்நுட்பங்களைக் கற்பிக்கும் வகையில் தரம் உயர்த்தப்பட்டுள்ளன. அங்கே நம் ஊர்ப் பெண்மக்களும் சேர வழிகாட்ட வேண்டும். தைக்கத் தெரிந்த கை, தையல் யந்திரத்தைப் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டால் அதன் மதிப்பு உயரும்.

மூன்றாவது, உயிரைப் பறிக்கும் வேலையை முதலில் யந்திரத்திடம் ஒப்படைத்தல். கழிவுநீர்க் குழியில் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய ‘பண்டிகூட்’ என்னும் யந்திரம், 2018ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரத்தில் ஆள் இறங்காமலே குழியைத் தூய்மை செய்து வருகிறது. அதனை இயக்கத் துப்புரவுத் தொழிலாளருக்கே பயிற்சி அளிக்கப்பட்டது என்பது நாம் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி.

வேலையை இழக்கக்கூடியவரே யந்திரத்தை இயக்கும் நிலையை அடையுமாறு செய்வது ஒன்றே நேரிய வழி. அதற்குரிய காலம் இன்னும் நம் கையில் உள்ளது. அதனை வீணாக்காது பயன்படுத்துவது ஊராட்சியின் கடமையாகும்.