கடலில்லா ஊரில் ஒரு கடற்புல் பாடம்

வல்லக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் மெரினா, மிஞ்சிப்போனால் மாமல்லபுரம். முருகன் கோயில் கிருத்திகைக் கூட்டமும் ஒரகடம் கம்பெனிகளின் ஷிப்ட் பேருந்துகளும்தான் அவர்கள் அன்றாடம் பார்ப்பவை. ஒன்பதாம் வகுப்பில் வாழிடங்களுக்கு வரும் அச்சுறுத்தல்கள் பற்றிப் பேசும்போது, மாசு, வெப்பமயமாதல், அளவுமீறிய மீன்பிடிப்பு என்று வழக்கம்போலக் கரும்பலகையில் பட்டியலிட்டேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள்.

"இதுல எது ரொம்ப ஆபத்து டீச்சர்? எதை முதல்ல சரி பண்ணணும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பட்டியலிடுவது வேறு, மதிப்பிடுவது வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று வாரம் செய்த செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன்.

ஏன் கடற்புல்?

மதிப்பிடுவதற்கு ஒரே ஒரு வாழிடம் வேண்டும் என்றேன். மல்லிப்பட்டினத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த மாணவி ஒருத்தி, "எங்க ஊர்க் கடலுக்குள்ள புல்லு இருக்கு டீச்சர்" என்றாள். அப்பாவுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு இங்கே வந்தவள். தாத்தாவும் சித்தப்பாவும் இன்னும் கடலுக்குப் போகிறார்கள்.

முதலில் நானே ஒரு தவறு செய்தேன். "கடற்புல் என்பது ஒரு வகைப் பாசி" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படித்த பிறகு, மறுநாள் வகுப்பில் திருத்திக்கொண்டேன். கடற்பாசிக்கு உண்மையான வேர், தண்டு, இலை கிடையாது. கடற்புல்லோ நீருக்கடியில் பூத்துக் காய்க்கும் பூக்கும் தாவரம். வேர் ஊன்றி, மண்ணுக்குள் மட்டநிலத் தண்டாகப் படரும். ஒளிச்சேர்க்கைக்கு வெயில் வேண்டும் என்பதால் ஆழம் குறைந்த, தெளிந்த நீரில்தான் வளரும். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இதற்கு ஏற்ற இடங்கள். பத்துக்கும் மேற்பட்ட கடற்புல் இனங்கள் அங்கே உள்ளன.

இறால், நண்டு, மீன் குஞ்சுகளுக்கு அதுவே தொட்டில். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவுக்கு அதுவே மேய்ச்சல் நிலம். வளர்ந்த கடற்பசு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 30 முதல் 40 கிலோ புல் மேயும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. அந்த மாணவியின் ஊர் இந்தக் கரையில்தான் இருக்கிறது.

மூன்று கேள்விகள்

ஏழு அச்சுறுத்தல்களை எடுத்துக்கொண்டோம்: அடிக்கடலை வாரும் இழுவைமடி, படகு நங்கூரம், கரையிலிருந்து வரும் கழிவுநீர், பிளாஸ்டிக், புயல், கடல்நீர் வெப்பம், வெளியிலிருந்து வந்த பாசி. ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும்.

1. எவ்வளவு பரப்பைப் பாதிக்கிறது?
2. பாதித்த இடத்தில் எவ்வளவு கடுமையாகப் பாதிக்கிறது?
3. மீண்டு வர எவ்வளவு காலம் ஆகும்?

ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். ஐந்து குழுக்களாகப் பிரிந்து மதிப்பெண் இட்டார்கள். எல்லாக் குழுவிலும் பிளாஸ்டிக்தான் முதலிடம்! "ஏன்?" என்றேன். "எல்லா இடத்துலயும் கிடக்குதே டீச்சர்." கண்ணில் படுவதே பெரிய ஆபத்து என்று நினைப்பது பிள்ளைகளிடம் மட்டுமா இருக்கிறது?

அருகம்புல் சொன்ன பதில்

நான்காவதாக "எப்படித் தெரியும்?" என்றொரு கட்டம் சேர்த்தேன். சான்று இல்லாமல் மதிப்பெண் இடக் கூடாது. கடலுக்குப் போக முடியாதே! பள்ளி மைதானத்து ஓரத்திலிருந்து அருகம்புல்லை மண்ணோடு பெயர்த்து நான்கு தொட்டிகளில் வைத்தோம். முதல் தொட்டியை அப்படியே விட்டோம். இரண்டாவதில் இலைகளை மட்டும் கத்தரித்தோம். மூன்றாவதில் பாதிப் பரப்பை, படர்ந்த தண்டும் வேரும் வரும்படி வாரி எடுத்தோம். நான்காவதைக் கறுப்புத் துணியால் மூடினோம். நான்குக்கும் ஒரே அளவு தண்ணீர்.

ஒரு வாரத்தில் கத்தரித்த புல் துளிர்த்துவிட்டது. துணி மூடிய புல் வெளிறித் துவண்டது. வாரிய இடம் மூன்றாம் வாரத்திலும் வெறும் மண்ணாகவே இருந்தது. ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு தண்டுகள் மட்டும் எட்டிப் பார்த்தன. அருகம்புல்லும் கடற்புல்லும் வேறுவேறு தாவரங்கள், இது ஒப்புமைதான் என்பதையும் சொல்லிவிட்டேன். ஆனாலும் "மேய்ந்தால் முளைக்கும், பெயர்த்தால் முளைக்க நாளாகும்" என்று ஒரு மாணவி குறிப்பேட்டில் எழுதியதை நான் எத்தனை முறை விளக்கினாலும் புரியவைத்திருக்க முடியாது.

பிறகு கடலுக்கு வந்தோம். இழுவைமடி மண்ணுக்குள் இருக்கும் தண்டையே பெயர்க்கிறது. கூடவே சேற்றைக் கலக்கி நீரைக் கலங்கடிப்பதால் மற்ற புல்லுக்கும் வெயில் போய்ச் சேராது. மூன்றாம் தொட்டியும் நான்காம் தொட்டியும் ஒரே இடத்தில்! கழிவுநீரிலுள்ள சத்துகளால் நுண்பாசிகள் பெருகி, நீரிலும் புல்லின் இலை மேலும் படர்ந்து ஒளியை மறைக்கின்றன. இதுவும் நான்காம் தொட்டிதான், ஆனால் துணி கண்ணுக்குத் தெரியாது. நங்கூரம் கடுமையாகக் கிழித்தாலும் பரப்பு சிறியது. 2018 நவம்பரில் இந்தக் கரையைத் தாக்கிய கஜா போன்ற புயல் பெரும்பரப்பைக் கலக்கிவிடும், ஆனால் எப்போதாவதுதான் வரும்.

வெப்பத்தை எப்படி அளப்பது? இதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 2010-11இல் வீசிய கடல் வெப்ப அலையில், அங்கிருந்த கடற்புல் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. வெளிப்பாசிக்கு நம் சான்றே இருக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளப்பாறைகள் மேல் படர்ந்தது பதிவாகியிருக்கிறது.

யூடியூபில் கெல்ப் காடு பார்த்த ஒருவன், "அது நம்ம கடல்ல இருக்கா?" என்றான். கெல்ப் குளிர்ந்த கடலில் வளரும் பெரும்பாசி. நம் வெதுவெதுப்பான கடலில் இல்லை. ஆனால் கலிபோர்னியாவின் கதை எங்களுக்கு உதவியது. 2013இல் கடல் நட்சத்திரங்கள் நோயில் மடிந்தன. அவை தின்று குறைத்து வந்த கடல் முள்ளெலிகள் பெருகின. 2014 முதல் 2016 வரை கடல் சூடானது. வடகலிபோர்னியாவில் கெல்ப் காட்டின் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. அச்சுறுத்தல்கள் தனித்தனியாக வருவதில்லை, ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுகிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் சுற்றில் இழுவைமடிக்கு 9, கழிவுநீருக்கும் வெப்பத்துக்கும் 8, பிளாஸ்டிக்குக்கு 5. இவை எங்கள் வகுப்பின் மதிப்பெண்களே தவிர ஆய்வு முடிவுகள் அல்ல. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பிள்ளைகளால் காரணம் சொல்ல முடிந்தது.

அமைதியான ஒரு பெஞ்சு

"அப்போ விசைப்படகை எல்லாம் நிறுத்திடணும்!" என்று வகுப்பே கத்தியது. மல்லிப்பட்டினத்து மாணவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் சித்தப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஒரு பிள்ளையின் வீட்டுச் சோற்றைக் கரும்பலகையில் எதிரியாக எழுதிவிட்டேன்.

அன்று மாலை அவள் தாத்தாவிடம் போனில் கேட்டிருக்கிறாள். மறுநாள் அவளாகவே எழுந்து சொன்னாள்: "புல்லு இருந்தாதான் நண்டும் இறாலும் வரும்னு தாத்தா சொன்னாங்க டீச்சர். புல்லு போச்சுன்னா எங்களுக்குத்தான் மொத நட்டம். ஆனா சித்தப்பாவுக்குக் கடன் இருக்கு, வேற என்ன தொழில் தெரியும்னு கேக்குறாங்க."

ஐந்தாவது கட்டம் அப்படித்தான் வந்தது: "யார் பிழைப்பு இதில் இருக்கிறது? என்ன மாற்று?" தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1983) கரையோரக் கடலில் விசைப்படகுகளின் இழுவைக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பது, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பது, வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்திருப்பது ஆகியவற்றை அந்தக் கட்டத்தில் எழுதினோம். ஆபத்து ஆளில் இல்லை, முறையில் இருக்கிறது என்று வகுப்பு பிரித்துப் பார்க்கத் தொடங்கியது.

"சரி, நம்ம ஏரியில மீன் செத்து மிதந்தா கம்பெனியை மூடச் சொல்வோமா?" என்று கேட்டேன். இம்முறை பாதி வகுப்பு அமைதியானது. பெரும்பாலோரின் அப்பா, அக்கா, மாமா வேலை பார்ப்பது அங்கேதான். "மொதல்ல என்ன கலக்குதுன்னு பாக்கணும் டீச்சர்" என்றான் முதல் கேள்வியைக் கேட்ட மாணவன். ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஏரிகளின் உபரிநீரும் செம்பரம்பாக்கம், அடையாறு வழியே வங்கக் கடலுக்குத்தான் போகிறது. அடுத்த பருவத்தில் இதே ஐந்து கட்டங்களோடு எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போவதாகத் திட்டம்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

தொடக்கநிலையில் தொட்டிச் சோதனையே போதும். எது மறுபடி முளைத்தது என்று படம் வரையச் சொல்லலாம். நடுநிலையில் மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம். உயர்நிலையில் ஐந்து கட்டங்களையும் கொடுக்கலாம். குறைந்தது இரண்டு முறை மதிப்பெண் இடச் செய்யுங்கள். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் உள்ள வேறுபாடுதான் கற்றலின் சான்று. வளரறி மதிப்பீட்டுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். மார்ச் 1 உலகக் கடற்புல் நாள். அதற்கு மூன்று வாரம் முன்பாகத் தொட்டிகளை வைத்தால் சரியாக இருக்கும்.

வகுப்பில் எந்தத் தொழிலைப் பற்றிப் பேசும் முன்பும், அந்தத் தொழில் செய்பவரின் பிள்ளை எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை பேசிய பிறகுதான் எங்கள் அட்டவணை முழுமையானது.

மூன்றாம் தொட்டியை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. வாரிய இடம் எப்போது மூடும் என்று பிள்ளைகள் தினமும் அளந்து எழுதுகிறார்கள்.