குட்டிச் சிலந்தியின் கண்ணைப் பிடிக்க

பேரையூர்க் கரிசலில் பருத்தி இலையைப் புரட்டினால் சிலந்தி தென்படும். வீட்டுச் சுவரில் தாவும் சிலந்தியைப் பார்க்கலாம். இவற்றை மேக்ரோ லென்ஸில் 1:1 அளவில் படம் எடுக்கும்போது, எஃப்/11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதனால் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை 1:1-இல் நிறுத்தி, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். தாவும் சிலந்தியின் முன்பக்கத்துப் பெரிய கண்கள் இரண்டும் கூர்மையாகும் நொடியில் தொடர்ந்து கிளிக் செய்யுங்கள். கண் தெளிந்தால் போதும், கால் மங்கினாலும் படம் நிற்கும். முழங்கையை முட்டியில் ஊன்றினால் நடுக்கம் குறையும். காற்று கிளம்புமுன் காலையிலேயே போய்விடுங்கள். கைபேசியில் மேக்ரோ லென்ஸ் மாட்டியவர்கள் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, போனை நகர்த்தலாம். அசையாமல் இருக்கட்டும் என்று சிலந்தியை ஃபிரிட்ஜில் வைப்பது வேண்டவே வேண்டாம். வெள்ளாமைப் பூச்சிகளைத் தின்னும் உயிர் அது, இருந்த இலையிலேயே விட்டுவிடுங்கள்.