ஆமையும் மீனும் ஒரே தொட்டியிலா?

"ஆமையையும் மீனையும் ஒரே தொட்டியில் விடலாமா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், பழனி வண்ணமீன் வணிகர்கள் "வேண்டாம்" என்றே சொல்ல வேண்டும்.

சந்தைக்கு வரும் செங்காது ஆமை அமெரிக்க இனம். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு ஓரடி வரை வளரும்; மீனைக் கடித்துத் தின்னும். அதன் கழிவால் நீர் விரைவில் கெடும். ஏறி உலர மேடும் வெயிலும் அதற்குத் தேவை. எனவே, ஏற்கெனவே வளர்ப்பவருக்குத் தனித் தொட்டியே தீர்வு.

பெரிதானதும் வையாபுரிக் குளத்தில் விடுவது தவறு. உள்ளூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறிக்கும்.

உள்ளூர்ப் பாலாமை, நட்சத்திர ஆமை ஆகியவற்றைக் கடையில் வைக்கவே கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் அவை உள்ளன. விற்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

மீன் செத்தால் வாடிக்கையாளரும் போவார். உண்மையைச் சொல்லி விற்பதே நிலைத்த வணிகம்.