ஆய்வகத்தில் ஒரு கணினி மட்டும் மெதுவாக இயங்குவது ஏன்?

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இணையவழித் தேர்வு நடக்கும்போது ஓரிரு கணினிகள் திணறினால், "நெட் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறை இருந்தால் எல்லாக் கணினிகளும் சேர்ந்தே தடுமாறும். ஒன்று மட்டும் தடுமாறினால், அந்தக் கணினிக்கும் சுவிட்சுக்கும் இடையே பார்க்க வேண்டும். வினாத்தாள் திறக்காமல் காத்திருக்கும் மாணவருக்கு ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. எனவே, தம் வகுப்பை ஆய்வகத்திற்கு அழைத்துச் செல்லும் எல்லா ஆசிரியர்களுக்கும் உதவும் என்று கருதி, நான் கையாளும் முறையை இங்கே பகிர்கிறேன்.

இரு முனைகளின் உடன்பாடு

வடத்தைச் செருகியதும் கணினியும் சுவிட்சும் சிறு மின்துடிப்புகளை அனுப்பி, தம்மால் இயலும் வேகங்களை ஒன்றுக்கொன்று தெரிவிக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான உயர்ந்த நிலையில் இணைப்பு அமைகிறது. இதுவே ஆட்டோ நெகோஷியேஷன். 1995-இல் 100 மெகாபிட் ஈதர்நெட் தரநிலையுடன் வந்த முறை இது.

இதில் இரண்டு செய்திகள் முடிவாகின்றன. ஒன்று, வேகம்: நொடிக்கு 10, 100 அல்லது 1000 மெகாபிட். மற்றொன்று, டூப்ளெக்ஸ்: ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் அனுப்புவது ஹாஃப் டூப்ளெக்ஸ், இருவரும் ஒரே நேரத்தில் அனுப்புவதும் பெறுவதும் ஃபுல் டூப்ளெக்ஸ்.

ஒருபுறம் மட்டும் மாற்றினால்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினியில் பிங் கட்டளைக்கு மறுமொழி வந்தது. சிறிய பக்கங்களும் திறந்தன. ஆனால் காணொலிப் பாடத்தை நகலெடுத்தால் நின்று நின்று வந்தது. பழுது பார்க்க வந்த ஒருவர் அதன் வலையட்டையை 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிலையாக அமைத்துவிட்டுப் போயிருந்தார். சுவிட்ச் ஆட்டோ நிலையிலேயே இருந்தது.

இப்படி அமைத்தால் கணினி உடன்பாட்டுத் துடிப்புகளை அனுப்புவதில்லை. வரும் சமிக்ஞையைக் கொண்டு சுவிட்ச் வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்போது ஹாஃப் என்று கொள்ள வேண்டும் என்பதே விதி. ஒரு பாலத்தை ஒரு கரையில் உள்ளவர் இருவழிப் பாதை என்றும், மறுகரையில் உள்ளவர் ஒருவழிப் பாதை என்றும் எண்ணினால் என்ன நடக்கும்? வண்டிகள் குறைவாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, கூடினால் மோதல்தான். அதனால்தான் பிங் சரியாக இருந்தும் பெரிய கோப்பு நகரவில்லை.

தீர்வு எளிது: இரு முனைகளையும் ஆட்டோவில் வையுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ் வழியே அட்டையின் அட்வான்ஸ்டு பகுதிக்குச் சென்று, ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்பதில் ஆட்டோ நெகோஷியேஷனைத் தேர்ந்தெடுக்கலாம். அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்சாக இருந்தால் அந்தப் போர்ட்டிலும் வேகம், டூப்ளெக்ஸ் இரண்டையும் ஆட்டோவாக்க வேண்டும். செப்பு வடத்தில் 1000 மெகாபிட் வேகத்திற்கு இந்த உடன்பாடு கட்டாயம்.

வடத்தில் பார்க்க வேண்டியவை

கணினியைச் சுவிட்சுடன் இணைக்க நேர்வடம், சுவிட்சைச் சுவிட்சுடன் இணைக்கக் குறுக்குவடம் என்று பாடநூலில் கற்பிக்கிறோம். இன்றைய சுவிட்சுகள் பெரும்பாலும் வடத்தின் வகையைத் தாமே அறிந்து மாற்றிக்கொள்கின்றன. இதற்கு ஆட்டோ எம்டிஐஎக்ஸ் என்று பெயர். ஆனால் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் நிலையாக அமைத்தால் பல சுவிட்சுகளில் இவ்வசதி செயல்படாது. நேற்றுவரை வேலை செய்த வடம் இன்று இணைப்பே தராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஜிகாபிட் சுவிட்சில் ஒரு கணினி மட்டும் 100 என்று காட்டினால், 4, 5, 7, 8 கம்பிகளைச் சோதியுங்கள்.

மாணவர்கள் கிரிம்பிங் செய்யும்போது ஒரு பிழை அடிக்கடி நேரும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என இணை இணையாக வரிசைப்படுத்திவிடுவார்கள். இருமுனையிலும் அதே வரிசை இருப்பதால் சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் 3, 6 ஆகிய இரண்டும் ஒரே முறுக்கு இணையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞைகள் ஒன்றில் ஒன்று கலக்கும். சரியான வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு.

வகுப்பறைச் செயல்பாடு

மேல்நிலை மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு கணினியும் காட்டும் வேகத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் கணினிக்கு முதலில் வடத்தையும், பிறகு போர்ட்டையும், கடைசியாக அமைப்பையும் மாற்றிப் பார்க்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அப்போதுதான் காரணம் தெரியும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே இதை முடித்துவிட்டால், தேர்வு நாளில் ஆய்வகம் நம்பிக்கையோடு இயங்கும்.