பொடியும் புகையும்

உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவோரைப் ‘பொடி வைத்துப் பேசுகிறார்’ என்கிறோம். இவ்வழக்கு பொற்கொல்லர் பட்டறையில் பிறந்தது என்பர். நகையின் இரு துண்டுகளை ஒட்டவைக்க, இணைப்பில் பொடியை வைத்து ஊதுகுழலால் தீயை ஊதுவது அவர்கள் தொழில்முறை. அப்பொடிக்குப் பற்றாசு என்று பெயர். அதற்குள் இருப்பது யாது? ஊதும்போது அதிலிருந்து புகையாகப் போவது யாது? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராயத் தூண்டியவர் என் அன்னையார். தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. “பம்பாயில் நகை நன்றாகச் செய்வார்களாமே, கே.டி.எம். நகையாகப் பார்த்து வாங்கி வா. என் பழைய சங்கிலியையும் உருக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்” என்று தொலைபேசியில் சொன்னார். இரசாயனம் பயிலும் எனக்கு, கே.டி.எம். என்பது இன்னதென்று அன்றுவரை சரியாகத் தெரியாது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மாற்றும் பற்றாசும்

கே.டி.எம். என்பது தங்கத்தின் மாற்றைக் குறிக்கும் சொல் அன்று. காட்மியம் என்னும் உலோகத்தின் பெயரே அவ்வாறு சுருங்கி வழங்குகிறது.

பற்றாசு, நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும். இல்லையேல் நகையும் சேர்ந்து உருகிவிடும். அதற்காக முற்காலத்தில் தங்கத்துடன் செம்பும் வெள்ளியும் மிகுதியாகக் கலந்தனர். அதனால் மாற்றுக் குறைந்தது. ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். 22 காரட் தங்கத்தில் நூற்றுக்கு 91.6 பங்கு பொன். ஒரு நகையில் இத்தங்கம் ஒன்பது பங்கும், நூற்றுக்கு 60 பங்கே பொன்னுள்ள பற்றாசு ஒரு பங்கும் இருப்பின், நகை முழுவதற்கும் பொன் 88.4 பங்குதான் தேறும். வாங்குபவருக்கு நட்டம்.

இக்குறையைக் காட்மியம் தீர்த்தது. 92 பங்கு பொன்னுடன் 8 பங்கு காட்மியம் சேர்த்தாலே பற்றாசு எளிதில் உருகும்; மாற்றும் குறையாது. வாங்குபவர் மகிழ்ந்தனர், விற்பவரும் மகிழ்ந்தனர். ஊதியவர் நிலை என்ன?

ஊதினால் வருவது

காட்மியம் 321 டிகிரி சென்டிகிரேடில் உருகும். 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். பற்றவைக்கும் தீயின் சூடு அதற்கும் மேற்பட்டது. ஆவி காற்றுடன் கூடிக் காட்மியம் ஆக்சைடு என்னும் நுண்ணிய புகையாகிறது. ஊதுபவரின் முகமோ அதற்கு ஒரு முழத் தொலைவில் இருக்கிறது. மிகுதியாக உள்ளே சென்றால், சில மணி நேரம் கழித்தே காய்ச்சலும் மூச்சுத்திணறலும் தோன்றும். சிறிது சிறிதாகச் சென்றால் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கி அதைக் கெடுக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களின் எலும்புகளை நொறுக்கிய ‘இத்தாய் இத்தாய்’ நோய்க்குச் சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்த காட்மியமே காரணம் என அந்நாட்டு அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1993-இல் காட்மியத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது.

அணிபவருக்கு அச்சம் மிகக் குறைவு, செய்பவருக்கே கேடு. அதுமட்டுமன்று, பழைய நகையை உருக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சிய காட்மியம் மீண்டும் புகையாகும். அன்னையாரின் சங்கிலியும் அத்தகையதாக இருக்கலாமன்றோ!

ஒரு பட்டறைக் காட்சி

மும்பை ஜவேரி பஜாரை அடுத்த கால்பாதேவிச் சந்தொன்றில், மாடியறைப் பட்டறை ஒன்றைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. வங்காளத்திலிருந்து வந்த நால்வர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தனர். தீ அலையுமென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அராவும்போது உதிரும் துகளை ஏந்தத் தட்டு உண்டு. கை கழுவிய நீரை வெளியே கொட்டுவதில்லை, தொட்டியில் சேர்க்கிறார்கள். தரையைப் பெருக்கிய மண்ணையும் சேர்த்து வைத்து, அரித்துப் பொன்னெடுப்போரிடம் விற்கிறார்கள்.

பொன்னின் தூசையும் விடாத அப்பட்டறை, புகையை மட்டும் விட்டுவிடுகிறது. ஏன்? தூசுக்கு விலை உண்டு, புகைக்கு இல்லை. அங்கிருந்த முதியவரிடம் இதைச் சொன்னேன். “புகையை வாங்க ஆள் இருந்தால் அதையும் பிடித்து வைப்போம், தம்பி” என்று சிரித்தார். சிரிப்பின் முடிவில் நெடுநேரம் இருமினார்.

திராவகச் சட்டி

பழைய நகையைப் புடமிட்டுத் தூய்மையாக்கும் இடத்திலும் இதே கதைதான். ஒரு பங்கு தங்கத்துடன் ஏறக்குறைய மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்கி, நைட்ரிக் அமிலத்தில் இடுவர். வெள்ளியும் செம்பும் கரையும், பொன் எஞ்சும். அப்போது எழும் பழுப்பு நிறப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு, நுரையீரலைப் புண்ணாக்குவது. உயரமான புகைபோக்கி வைத்தால் அது பட்டறையை விட்டு அண்டை வீட்டுக்குப் போகுமேயன்றி அழியாது. காஸ்டிக் சோடா நீர் பொழியும் கோபுரத்தின் வழியே செலுத்தினால் பெரும்பகுதி கரைந்துவிடும். எஞ்சிய திராவகத்தில் செப்புத் தகட்டை இட்டால் வெள்ளி படியும். பின்னர் இரும்புத் துண்டுகளை இட்டால் செம்பு படியும். கடைசியில் சுண்ணாம்பு சேர்த்தால் அமிலத்தின் கடுமை தணியும். பள்ளியில் நாம் படித்த பாடமே இது. ஆயினும் வெள்ளி கிடைத்ததும் பாடத்தை நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டுவோர் உண்டு.

மாற்று வழி

காட்மியத்துக்கு மாற்று இல்லாமல் இல்லை. இண்டியம் 156 டிகிரியிலேயே உருகும். ஆனால் 2,000 டிகிரிக்கு மேலேதான் கொதிக்கும். எளிதில் உருகி, எளிதில் ஆவியாகாத இக்குணமன்றோ நமக்கு வேண்டுவது! துத்தநாகமும் பயன்படுகிறது, அதன் புகையும் காய்ச்சல் தரும், எனினும் காட்மியத்தைப் போல் கொடியதன்று. லேசர் ஒளியால் ஒட்டினால் பற்றாசே வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011 முதல் நகையில் காட்மியத்தை நூற்றுக்கு 0.01 பங்குக்குள் கட்டுப்படுத்தியது. நம் நாட்டின் ஹால்மார்க் விதியும் காட்மியத்தை ஏற்பதில்லை. 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரை பல மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் ‘கே.டி.எம்.’ என்னும் சொல் நம் வீடுகளில் இன்னும் நற்சான்றாகவே உலவுகிறது. கேட்பவர் உள்ளவரை கொடுப்பவரும் இருப்பார்.

ஆகவே நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டாருடன் நகைக்கடைக்குப் போக நேர்ந்தால், மாற்றும் சேதாரமும் கேட்பதோடு நில்லாது மேலும் மூன்று கேளுங்கள். இதில் ஹால்மார்க்கும் ஆறிலக்க அடையாளக் குறியும் உண்டா? எந்தப் பற்றாசால் ஒட்டினார்கள்? எங்கள் பழைய நகையை உருக்கும் இடத்தில் புகையைக் கழுவும் வசதி உண்டா?

நான் கேட்டேன். இரண்டு கடைகளில் விழித்தார்கள். மூன்றாவது கடையில் உள்ளே போய் விசாரித்து வந்து விடை சொன்னார்கள். அன்னையாரிடம் விவரம் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், “அப்படியானால் சங்கிலி கிடக்கட்டும். நல்ல இடம் பார்த்து, பிறகு உருக்கலாம்” என்றார்.

புகைக்கு விலை வைக்க நம்மால் இயலாது. ஆனால் அதைப் பற்றிக் கேள்வி கேட்க இயலும். கற்ற கல்வி அதற்கேனும் பயன்பட வேண்டாமா?